ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் எருமைகள்

ஆவடியில் யுத்தத்துக்காக எழுப்பிய ராணுவக் கிடங்கில், மரப்பெட்டிகளின் மேல் எண்களும் எழுத்துகளும் எழுதுவது உலகநாதனின் வேலை. மேனாம்பேட்டில் குடும்பத்துக்குக் கழனி இருந்தது. அதை அண்ணன் பார்த்துக்கொண்டார். இவன் கைக்குத் தூரிகைதான் படிந்தது.

1943-ஆம் வருஷம் ஒரு மத்தியானம், ஜன்னல்களுக்குச் சாக்குப் படுதா கட்டி இருட்டாக்கி, கிடங்குக்குள்ளேயே சோல்ஜர்களுக்கு சினிமா காட்டினார்கள். வேலையாட்கள் திரைக்குப் பின்பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. முதலில் ஏழு நிமிஷத் துண்டுப்படம் ஒன்று ஓடியது. அதில் மனுஷர் யாரும் இல்லை. கோடுகளால் வரைந்த ஒரு நாற்காலி இருந்தது. அது சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து நடந்தது. கதவு ஒன்று வாயைத் திறந்து பாடியது.

உலகநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுநாள் மெஷின் ஓட்டிய சோல்ஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அந்தப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரே நாற்காலி, அடுத்தடுத்து, ஒவ்வொன்றிலும் கால் ஒரு மயிரிழை தள்ளி இருந்தது. ஒரு விநாடிக்கு இருபத்துநாலு என்று சோல்ஜர் விரல்விட்டுக் காட்டினான்.

"இன்னா மாமா, பேயறஞ்ச மாதிரி வந்துகீறே?" என்றாள் அவன் மனைவி நாகவல்லி.

"நாற்காலி நடக்குது வல்லி. எல்லாம் கையால போட்ட படம். நம்மளும் ஒண்ணு எடுக்கலாம். முழுப்படம், ஒன்றரை மணி நேரம்."

அவள் சிரிக்கவில்லை. "எத்தினி படம் போடணும்?"

தரையில் சாக்கட்டியால் பெருக்கிப் பார்த்தான். ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்து அறுநூறு. ஒரு நாளைக்கு ஐம்பது போட்டாலும் ஏழு வருஷம்.

கடைசியில் வழி சொன்னவள் நாகவல்லிதான். கதையை முழுசாக எழுதுவது, ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் படம் போடுவது, அதைப் பட முதலாளி யாரிடமாவது காட்டுவது. மீதியை அவர்கள் ஆள் வைத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

கதையும் பாதி அவளுடையது. அம்பத்தூர் ஸ்டேஷனில் ஓர் எருமை கார்டின் விசிலை விழுங்கிவிடுகிறது. அது கத்தும்போதெல்லாம் விசில் சத்தம் வர, நிற்க வேண்டிய ரயில் கிளம்புகிறது, கிளம்ப வேண்டியது நிற்கிறது. பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் வரை எல்லோரும் எருமையைத் துரத்துகிறார்கள். கடைசியில் அதற்கே கார்டு உத்தியோகம் கொடுத்துவிடுகிறார்கள். நாகவல்லி ஒவ்வொரு பாத்திரத்தின் குரலிலும் பேசிக் காட்டுவாள், உலகநாதன் சிரித்துக்கொண்டே எழுதுவான்.

காகிதத்துக்குத்தான் பஞ்சம். யுத்த காலத்தில் வெள்ளைத் தாள் கண்ணில் படுவதே அரிது. கிடங்கின் தலைமை குமாஸ்தா ஜோசப்ராஜிடம் கேட்டான். அவர் கழித்துப்போட்ட ஃபாரங்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். ஒரு பக்கம் அச்சடித்து டைப் செய்திருந்தது, மறுபக்கம் வெள்ளை. பதினாலு மாசம் அந்த வெள்ளைப் பக்கத்தில் கதை வளர்ந்தது. எருமை விசிலை விழுங்கும் காட்சிக்கு முந்நூறு படங்கள். அவற்றை ஐந்து கட்டுகளாகத் தைத்தான். ஓரத்தைக் கட்டைவிரலால் சர்ரென்று விட்டால் எருமை தலையை நீட்டும், முகரும், விழுங்கும், திகைக்கும்.

கீழ்ப்பாக்கத்தில் கங்காதரன் என்ற பட முதலாளி இருந்தார். மூன்று தடவை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, நாலாவது தடவை உள்ளே போனான் உலகநாதன். முதலாளி அசட்டையாக முதல் கட்டை வாங்கி விரலால் விட்டார். அவர் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. மறுபடியும் விட்டார். "டேய், இது உசுரோட கீதுடா!" என்றார்.

அடுத்த கட்டை எடுக்கும்போது நூல் அறுந்து தாள்கள் தரையில் கவிழ்ந்தன. குனிந்து பொறுக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு தாளின் முதுகிலும் ராணுவ முத்திரை. லாரி எண்கள், சாமான் கணக்கு, போய்ச்சேரும் இடம். விடுவிடுவென்று அடுத்த அறைக்குப் போய் டெலிபோன் செய்தார். காமிராக்காரரைக் கூப்பிடுகிறார் என்று எண்ணி உலகநாதன் தலையை வாரிக்கொண்டான். அரை மணி நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கியவர்கள் ராணுவப் போலீஸ்காரர்கள்.

ஆவடியில், தினமும் அவன் வேலை பார்த்த அதே இடத்தில், வெள்ளைக்காரக் கேப்டன் முன்னால் நிறுத்தினார்கள். மொழிபெயர்க்க ஜோசப்ராஜையே உட்காரவைத்திருந்தார்கள். உலகநாதனுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"அம்பத்தூரில் ரயில் நிற்கும் என்று எழுதியிருக்கிறாயாம். எந்தத் தேதியில் நிற்கும் என்று துரை கேட்கிறார்" என்றார் ஜோசப்ராஜ், நிமிராமல்.

"சார், அது எருமை விசில முழுங்கினதால…"

"எருமை என்பது யாருக்கு வைத்த பெயர்?"

"எருமைதான் சார். மாடு."

"இந்தத் தாள்களைக் கொடுத்தது யார்?"

"நீங்கதானே சார் குடுத்தீங்கோ!"

ஜோசப்ராஜ் கேப்டன் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். உலகநாதனுக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்தது. திருடினான். இருபது நாளைக்கு முன்னால் எருமைப் படக் கட்டை வாங்கி விரலால் விட்டுப் பார்த்துக் கைதட்டிய மனுஷர் அவர்.

நாகவல்லி தினமும் நடந்தே வந்து கேட்டுக்கு வெளியில் நின்றாள். காவலாளி விரட்டினால் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். ஊரில் இரண்டு வீட்டார் அவளைத் தங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்க விட மறுத்தார்கள். உளவாளி பெண்டாட்டியாம்.

நாலாம் நாள் காலையில் ஜோசப்ராஜ் தானாகவே கேப்டனிடம் போய், தாள்களைக் கொடுத்தது நான்தான், அன்று பயந்து பொய் சொன்னேன் என்றார். அவர் பதவி போயிற்று, கடைசிக் குமாஸ்தா ஆக்கினார்கள். உலகநாதனை ஒன்பதாம் நாள் விட்டார்கள், இனி வேலை இல்லை என்று சொல்லி. ஆனால் ராணுவத் தாள் வெளியில் போகக்கூடாது. கதை, படம் எல்லாவற்றையும் தகரப் பீப்பாயில் போட்டு அவன் கண் முன்னாலேயே கொளுத்தினார்கள். பதினாலு மாசம் எரிய கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் அவன் சோற்றைத் தொடவில்லை.

"எல்லாத்தையும் எரிச்சிட்டாங்கோ வல்லி. ஒரு வரி மிச்சமில்லே."

"எரிஞ்சது பேப்பரு. கதை ஏங்கிட்ட கீது."

சொல்லிவிட்டு முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தாள். கார்டு பேசினார், ஸ்டேஷன் மாஸ்டர் பேசினார், எருமை பேசியது. ஒரு சொல் பிசகவில்லை. எழுதப்படிக்கத் தெரியாதவள், நூற்றுத் தொண்ணூறு பக்கத்தையும் மனசில் வைத்திருந்தாள். அவன் உறைந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஜோசப்ராஜ் வந்தார். கோடுபோட்ட நாலு நோட்டுகளைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அவற்றில்தான் திரும்ப எழுதினார்கள்.

யுத்தம் முடிந்தது. 1946 தையில் உலகநாதன் அதே கங்காதரனிடம் போனான், நாகவல்லியையும் அழைத்துக்கொண்டு. முதலாளி வெலவெலத்துப் போனார்.

"ஒன்னப் புடிச்சிக் குடுத்தவன்யா நானு. ஏங்கிட்டயா வந்துகீறே?"

"ஆமா மொதலாளி. ஆனா படத்த ரெண்டு தபா பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

நாகவல்லி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த அறையின் நடுவில் நின்று முழுக்கதையையும் சொன்னாள். முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. கணக்கர்கள் கதவருகில் கூடிவிட்டார்கள். ஆனால் ஒன்றரை மணி நேரப் படத்துக்கு அவர் ஒப்பவில்லை. தன் அடுத்த படத்துக்கு முன்னால் காட்ட நாலு நிமிஷம், அவ்வளவுதான். முழுப்படம் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. நோட்டுகள் நாலும் உலகநாதன் பெட்டியிலேயே இருந்தன.

அந்த நாலு நிமிஷத்துக்கு அவனும் இரண்டு பெயின்டர்களும் எட்டு மாசம் வரைந்தார்கள். குரல் எல்லாம் நாகவல்லி. பதிவு செய்த அன்று அவளுக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை.

1947 மாசியில் அம்பத்தூர் டென்ட் கொட்டகையில் படம் வந்தது. இருவரும் மணல் தரையில் உட்கார்ந்தார்கள். எருமை விசிலை விழுங்கியபோது கொட்டகையே மூச்சு விடவில்லை. பிறகு அது வாயைத் திறந்து பேசியது.

நாகவல்லி அவன் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். "மாமா, யாரு பேசறது? செத்துப்போன எங்க ஆத்தா கொரலு மாதிரியே கீது!"

"உன் கொரலுதான் வல்லி."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எருமை பேசிக்கொண்டே இருந்தது, ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் கண் இமைக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.