தென்கடலில் ஒரு தூசி

போட்டோ ஸ்டூடியோவில் அவருக்குப் பெயர் பவுடர். எப்பேர்ப்பட்ட முகமானாலும் கணினியில் அவர் கைக்குப் போனால் பருவும் தழும்பும் தொலைந்து, பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்த மாதிரி வெளியே வரும். ஒருமுறை ஒரு கல்யாணப் பெண்ணின் உதட்டோர மச்சத்தையும் சேர்த்து அழித்துவிட்டார். ஆல்பம் வாங்க வந்த அவளுடைய அம்மாவே, "இது யாரு பொண்ணுங்க?" என்று கேட்டாள். இந்தக் கதையை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தன்னைத் தானே முதலில் கிண்டல் செய்துகொண்டால் அடுத்தவனுக்கு வேலை மிச்சம் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். பல்லைக் குடையும் சத்தத்துக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில், வருடக்கணக்காக ஒரு நாவல் எழுதினாள். இல்லாத ஒரு நாடு, அதற்கு ஒரு ராணி, பெரிய காடு, அதற்கப்பால் கடல். யாரும் எதிர்பாராத விதமாக அதை ஒரு பதிப்பகமும் ஏற்றுக்கொண்டது. பதிப்பகத்து அம்மா போனில், "முன்பக்கத்துல அந்த நாட்டோட வரைபடம் ஒண்ணு போடலாம். பழைய காலத்து மேப் மாதிரி. எங்ககிட்ட ஒரு ஓவியர் இருக்கார்" என்றாள். மனைவி வாயைத் திறப்பதற்குள் பவுடர் போனுக்குள் தலையை விட்டார்.

"ஓவியர் எதுக்கும்மா? வீட்டுல நான் இருக்கேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. இந்தத் தடவை கூடவே இன்னொரு சிக்கல் இருந்தது. அவர் அந்த நாவலைப் படிக்கவில்லை. அச்செடுத்த தாள்கட்டு ஃபிரிட்ஜின் தலையில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தது. ராணி காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மத்தியானம் தூங்கிப்போனவர், அப்புறம் அந்தக் காட்டைத் தாண்டவேயில்லை.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்று மனைவி கேட்பாள்.

"காட்டுல இருக்கேன்."

"இன்னுமா?"

"பெரிய காடுல்ல."

முதலில் சிரித்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அப்பாடா, தொல்லை விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் அறிவு அவ்வளவுதான்.

ஒரு பழைய எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் அவள் பென்சிலால் நாட்டைக் கிறுக்கிக் கொடுத்தாள். "இதுல இருக்கிறபடியே போடுங்க. எதையும் விட்டுடாதீங்க" என்றாள். "எத்தனை வருஷ சர்வீஸ், என்கிட்டயா சொல்றே?" என்றார் இவர்.

பழைய காகிதம் செய்வதில் ஆரம்பித்தார். பால் விடாத கடுந்தேநீரைத் தட்டில் ஊற்றி, கெட்டித் தாளை ஊறப்போட்டு, பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். அடுத்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, பேப்பரையெல்லாம் துவைக்கிறீங்க?" என்றாள். காய்ந்ததை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்ததில் ஓரம் கருகிற்று. அது திட்டத்தில் இருந்தது. பக்கத்தில் காய்ந்த மனைவியின் ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டில் தேநீர்க் கறை ஏறியது திட்டத்தில் இல்லை.

ஸ்கேன் செய்து போட்டோஷாப்பில் திறந்தபோது பிரமாதமாக இருந்தது. திட்டுத்திட்டாகக் கறை, நடுவில் மடிப்பு, பார்த்தால் ராஜா காலத்துப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று சத்தியம் பண்ணலாம். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். தன் மாமனாரின் வழுக்கையைக் குறைக்க முடியுமா என்று நீட்டி முழக்கிக் கேட்டார். பவுடர் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தால் காகிதம் புத்தம் புதிதாக, வெண்ணெய் மாதிரி இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் கை பாட்டுக்கு ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு கறையாக ஒற்றி எடுத்திருந்தது. கையை அடிக்கவா முடியும்? மறுபடி ஸ்கேன் செய்தார்.

அதன்பின் வேலை சூடு பிடித்தது. எக்ஸ்ரே உறையையும் ஸ்கேன் செய்து இன்னொரு லேயராக மேலே வைத்தார். பென்சில் தீற்றல், ரப்பர் துகள், கைபட்ட அழுக்கு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கோடுகளை மட்டும் இழைத்தார். கரையோரமெல்லாம் நுணுக்கி நுணுக்கி அலைக்கோடு. ஒரு மலை வரைந்து, அதையே நகலெடுத்து ஒரு மலைத்தொடர். மூலையில் திசைகாட்டி. கடலில் ஒரு பூதம். அதற்கு ஸ்டூடியோ முதலாளியின் மீசையை வைத்தார். தான் இத்தனை நாள் இந்த உலகத்தால் கவனிக்கப்படாத மேதை என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை மாலை மடிக்கணினியை மனைவி முன்னால் திருப்பி வைத்தார். அடுத்த வாரக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அவள் வெகுநேரம் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். விரல் மலையைத் தொட்டது, காட்டைத் தொட்டது, தெற்கே கடலுக்கு இறங்கி அங்கேயே நின்றது. "தீவு எங்க?"

"எந்தத் தீவு?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பார்.

"கதையே அங்கதான் முடியுது" என்றாள் மெதுவாக. "பரவால்ல விடுங்க. அவங்க ஓவியரே போடட்டும். நாளைக்குச் சாயங்காலம் சொல்லிடறேன்."

அவள் உள்ளே போனபின் உறையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தென்கடலில் ஒரு சிறு புள்ளி, பென்சிலை அழுத்தி வைத்தது. தூசி என்று துடைத்தெறிந்திருந்தார்.

புள்ளியைத் திரும்ப வைப்பது பெரிய காரியமில்லை. பூசி மெழுகுவதே அவர் பிழைப்பு. ஆனால் அந்தத் தீவில் மலை இருக்கிறதா, மரம் இருக்கிறதா, யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை ஃபிரிட்ஜின் தலையிலிருந்து தாள்கட்டை இறக்கினார்.

காடு அப்படியொன்றும் பெரிதில்லை. நாலைந்து பக்கத்தில் முடிந்துவிட்டது. காட்டைத் தாண்டி ராணி படகேறினாள். தீவுக்குக் கதை வந்தபோது அங்கே ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது, அதற்கு ஒரு காவல்காரனும் இருந்தான். விளக்கின் கண்ணாடியில் ஒரு கைரேகை பட்டால் அவனுக்குப் பொறுக்காது. பகலெல்லாம் துடைத்துத் துடைத்து, இருட்டும் நேரத்தில் அசந்து தூங்கிவிடுவான். விளக்கு ஏற்றாமலே கிடக்கும். ராணியோ அந்த வெளிச்சத்தை நம்பித்தான் வந்துகொண்டிருந்தாள். பவுடர் வாய்விட்டுச் சிரித்தார். என்ன மடையன் இவன் என்று பக்கத்தைப் புரட்டினார். அந்தக் காவல்காரன், மற்றவர்கள் கேலி செய்வதற்குள் தானே தன்னைக் கேலி செய்துகொள்வானாம்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருடம் தன்னை இவ்வளவு கூர்ந்து பார்த்த ஒருத்தியைத் தான் சரியாகப் பார்க்கவேயில்லை என்பது உறைத்தது. கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. அதைத் திருப்பக் கை வரவில்லை.

எழுந்து போய்த் தேநீர் வைத்தார். கட்டைவிரலை அதில் தோய்த்து ஒரு தாளில் அழுத்தினார். ரேகைகள் குன்றும் பள்ளமுமாக வளைந்து வளைந்து விழுந்தன. அதை ஸ்கேன் செய்து, சுருக்கி, தென்கடலில் வைத்தார். ஹீலிங் பிரஷ் பக்கம் கை போனது. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

மனைவி கறை பட்ட கோட்டை அலசிக்கொண்டிருந்தாள். மடிக்கணினியை அவளிடம் கொண்டுபோனார். அவள் ஈரக்கையோடு குனிந்து தீவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கைரேகையா?"

"அவன் துடைக்காம விட்ட ஒரே ரேகை."

அவள் நிமிர்ந்தாள். "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. படிக்கப் பயமா இருக்கு. அந்த ஆளு விளக்க ஏத்துறானா இல்லையா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "ஓவியர் தேவைப்படலீங்க. மேப் வீட்டுலயே ரெடி" என்று பதிப்பகத்து அம்மாவிடம் சொல்லி வைத்தாள். அப்புறம் மறுபடி கோட்டை அலசக் குனிந்தாள்.

"ஏத்துறான்" என்றாள். "ரொம்ப லேட்டா. நல்லவேளை, அவ படகைத் திருப்பிக்கிட்டுப் போயிடல."