வியாகுல மாதாவின் முகம்

பூசை முடிந்து சனம் சுரூபத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தும் நேரத்தில், பஸ்தியாம்பிள்ளை சுரூபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கும்பிட வந்தவர்களின் முகங்களையே பார்ப்பார். ஏன் என்று யாராவது கேட்டால், "சுரூபத்தைப் பூசினது நான்தானே. அதிலை எனக்குப் பார்க்க என்ன கிடக்கு? பூசினது சரியோ பிழையோ எண்டு உவையின்ரை முகத்திலைதான் தெரியும்" என்பார்.

வயது ஐம்பத்தாறு. வீடு கொழும்புத்துறையில். தோணிகளுக்குப் பெயர் எழுதுவார், கல்லறைச் சிலுவைகளுக்கு வெள்ளை அடிப்பார். ஆனால் உப்புக்காற்றில் உரிந்துபோன சுரூபங்களுக்கு வர்ணம் பூசுவதில்தான் அவருக்குப் பெயர். யுத்தம் தொடங்கிய பிறகு நல்ல வர்ணம் வருவதில்லை. மிச்சமிருக்கும் நீலத்தை மருந்துபோலத் துளித் துளியாக எடுக்கிறார். பேசும்போது எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்க்கமாட்டார். புருவத்திலோ மூக்கு நுனியிலோ அவர் பார்வை நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்கள், ஏதோ ஒட்டியிருக்கிறதாக்கும் என்று முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவர் இப்போது சுரூபங்களின் முகத்தை மட்டும் எழுதமாட்டார். உடுப்பு, கை, கால், பாதத்தடியில் நசுங்கும் பாம்பு எல்லாம் செய்வார். முகத்துக்கு வேறு ஆளைப் பிடிக்கச் சொல்வார்.

ஒன்பது வருடத்துக்கு முன், பக்கத்துக் குறிச்சி ஒன்றில், மக்டலீன் என்பவளின் மகன் கடலுக்குப் போய்ப் பிணமாகக் கரையொதுங்கினான். பஸ்தியாம்பிள்ளை அன்று அதே கரையில் ஒரு தோணிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பெண்களெல்லாம் குழறி அழுதார்கள். மக்டலீன் அழவில்லை. மகனின் தலையை மடியில் வைத்து, அவன் காதுக்குள் இருந்த மணலைச் சேலைத் தலைப்பால் எடுத்துக்கொண்டேயிருந்தாள். அதற்குப் பிறகும் மூன்று மாதம் அவள் அழவேயில்லை. பைத்தியம் பிடித்துவிடும் என்று ஊர் பயந்தது.

அந்தக் குறிச்சிக் கோயிலில் இருந்த, இறந்த மகனுக்காகத் துயருறும் வியாகுல மாதாவின் சுரூபம் அப்போதுதான் வர்ணம் பூச அவரிடம் வந்தது. அவர் கண்ணீர்த் துளி ஒன்றும் வைக்கவில்லை. காய்ந்த கண், சிவந்த இமை, எதையோ கேட்க எடுத்துக் கேளாமல் விட்ட வாய். சுரூபத்தைத் திரும்பக் கோயிலில் வைத்த அன்று மக்டலீன் வந்து பார்த்தாள். நின்றபடியே பெரிதாகச் சத்தம் வைத்து அழுதாள். அழுது முடிந்ததும் அவரிடம் வந்து, "அண்ணை, நீங்கள் அண்டைக்குக் கரையிலை நிண்டனீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றார். அன்றிலிருந்து பின்னேரங்களில் மாதாவுக்கு முன்னால் இருந்து கதைத்துவிட்டுப் போவது அவள் வழக்கமாயிற்று. வேறு பெண்களும் வந்தார்கள்.

மறுவருடத் திருநாளுக்குப் பட்டணத்திலிருந்து பெரிய சுவாமிமார் வருவதாக இருந்தது. கோயில் மூப்பர் மரியரட்ணம் அவரிடம் வந்து, மாதா மீன்காரியைப் போல இருக்கிறா, கொஞ்சம் லட்சணமாகச் செய்து தரவேண்டும், உங்கள் கைவேலையைப் பெரியவர்கள் பார்க்கப்போகிறார்கள் என்றார். மறுத்திருக்கலாம். பெரியவர்கள் பார்க்கப்போகிறார்கள் என்ற சொல்லில் பஸ்தியாம்பிள்ளை விழுந்துபோனார். இரண்டே நாளில் கன்னத்தில் ரோசா நிறமும், இமையோரம் முத்துப்போல மூன்று துளிகளும் ஏறின. திருநாளன்று வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

மக்டலீன் வெகுநேரம் சுரூபத்தைப் பார்த்தாள். பிறகு கோபமில்லாமல், தெரியாத ஒருத்தியைப் பற்றி விசாரிப்பதுபோல அவரிடம் கேட்டாள்: "உவ ஆர், அண்ணை?"

அதற்குப் பிறகு அவள் பூசைக்கு வந்தால் கடைசி வரிசையில் இருந்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவாள்.

அழித்த முகத்தைத் திரும்ப எழுத அவர் படாத பாடில்லை. வீட்டில் பலகை பலகையாக எழுதிப் பார்த்தார். எல்லாம் துக்கமான முகங்கள்தான். மனைவி லூர்த்தம்மா ஒரு நாள் அவற்றைச் சுவரோரம் சாத்திவைத்துப் பார்த்தாள். "உதுகள் எல்லாம் அழுகுதுகள். அவள் அண்டைக்கு அழேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றாள். அன்றோடு தூரிகையை முகங்களிலிருந்து எடுத்துவிட்டார்.

ஆனாலும் மனம் விடவில்லை. போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு பலகையும் கரித்துண்டும் எடுத்துக்கொண்டு மக்டலீனைத் தேடிப் போனார். அவள் கரையில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செய்தது பிழை என்றார். அன்று பார்த்த முகத்தை இன்னொருக்கால் பார்க்கவேண்டும் என்றார். எட்டு வருடமாக அவர் சேர்த்துவைத்திருந்த பேச்சு அவ்வளவுதான்.

அவள் கையைக் கழுவினாள். தலைமயிரை ஒதுக்கிவிட்டு, படம் பிடிக்க இருப்பவளைப் போல அவருக்கு நேரே நிமிர்ந்து இருந்தாள். பஸ்தியாம்பிள்ளை அவள் புருவத்தைப் பார்த்தார், இமையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். வெயிலில் கறுத்த, வயது போன ஒரு பெண்ணின் அமைதியான முகம். கரித்துண்டு பலகையில் படவில்லை.

"எனக்கே அது மறந்துபோச்சு, அண்ணை," என்றாள் மக்டலீன். "அதை மாதாவிட்டையெல்லோ குடுத்து வைச்சிருந்தனான்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து பாயின் ஒரு தலைப்பிலிருந்து மீன்களை மறுபக்கம் புரட்டத் தொடங்கினாள். பஸ்தியாம்பிள்ளை பலகையை மணலில் வைத்தார். பாயின் மற்றத் தலைப்புக்குப் போய்க் குந்தி, முதல் மீனைப் புரட்டினார்.