அன்ரன் அண்ணையின் ஜீப்புக்கு இரண்டாவது தாங்கி

ஜீப்புக்கு இரண்டாவது எண்ணெய்த் தாங்கி பூட்டித் தரச்சொல்லி ஒருவர் என்னிடம் வந்தால், அவர் எங்கேயோ ஒருமுறை நடுவழியில் நின்றிருக்கிறார் என்று அர்த்தம். வெறும் கானைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் செட் தேடி வெயிலில் நடந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேற்கொண்டு வாசியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. கோப்பாயில் கராச் வைத்திருக்கிறேன். பழைய ஜீப்புகள்தான் என் பிழைப்பு. பூட்டிய தாங்கிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். மற்றவை ஒழுங்காக வேலை செய்கின்றன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்ணெய் முடிந்த இடம்

அன்ரன் அண்ணை வடமராட்சி கிழக்குக் கரையிலிருந்து வந்தார். என்னைவிட வயது கூடிய டீசல் ஜீப். கடலுக்குப் போய் வருகிற படகுகளைக் கயிறு கட்டி மணலுக்கு இழுத்து ஏற்றுவதுதான் அவருக்கும் அந்த ஜீப்புக்கும் வேலை. போன வருடம் கடல் குழம்பியிருந்த ஒரு காலையில் அவருடைய தம்பி யூட்டின் படகு கரைக்கு வந்தது. படகு பாதி தண்ணீரிலும் பாதி மணலிலுமாக இருந்தபோது ஜீப்பில் எண்ணெய் முடிந்தது.

பெற்றோல் வாகனம் என்றால் கானில் இருப்பதை ஊற்றிவிட்டு ஓடலாம். டீசல் எஞ்சின் ஒருமுறை வற்றினால் குழாய்களுக்குள் காற்றுப் புகுந்துவிடும். அதை வெளியே எடுத்து முடிக்கும்வரை நீங்கள் என்ன ஊற்றினாலும் அது அசையாது. அலை அவ்வளவு நேரம் பொறுக்குமா? மூன்றாவது அலையில் படகு சரிந்து அடிப்பக்கம் வெடித்தது. யூட் படகைத் திருத்திவிட்டார். ஆனால் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார். படகை இழுக்கவும் அவரைக் கூப்பிடுவதில்லை, ஆறு பேரைப் பிடித்துத் தோளால் தள்ளுகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான்.

சரி, ஒரு பெரிய தாங்கியாகப் பூட்டினால் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வராது என்று நான் வியாபாரம் பேசத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எண்ணெய் போதாதெண்டு நான் வரேல்லை. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தம்பி."

செத்த முள்

வேலைக்கு முதல் வாகனத்தைச் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். எண்ணெய் அளவு காட்டும் முள் வேலை செய்யவில்லை. முள்ளை மூடியிருக்கும் கண்ணாடிக்கு மேல் அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டியிருந்தார். முள்ளையும் மாற்றுவோம் என்றேன். தேவையில்லை என்றார். தேவையில்லை என்று சொல்கிற வாடிக்கையாளர்களால்தான் எனக்கு அரைவாசித் தலைமயிர் நரைத்தது.

அப்படியென்றால் உள்ளே எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் படத்தைக் காட்டினார்.

"அவருக்குத் தெரியும்."

வீட்டிலிருந்து வந்த தாங்கி

அடுத்த நாள் வரும்போது தாங்கியையும் கொண்டு வந்தார். முன்பு வீட்டில் தண்ணீர் வைத்திருந்த, நாகம், அதாவது துத்தநாகம், பூசிய தகட்டுப் பெட்டி. பார்க்கக் கட்டுமஸ்தாகத்தான் இருந்தது. ஆனால் டீசல் நாகத்தோடு சேர்ந்தால் நாளடைவில் பசைபோல ஒன்று உண்டாகி எஞ்சினுக்குள் போய் அடைக்கும். அதை விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் போனது. நான் புதுத்தகடு விற்பதற்காகக் கதை விடுகிறேன் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

என்னோடு வெல்டிங் வேலை செய்கிற சிவமண்ணை அதுவரை வாயே திறக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு ஒரேயொரு வசனம் சொன்னார், அன்ரன் அண்ணை பெட்டியைத் திரும்ப ஏற்றிவிட்டார்.

"அண்ணை, உந்தப் பெட்டியைப் பூட்டினா பிறகும் ஜீப் நடுக்கரையிலைதான் நிக்கும், உங்களுக்குச் சம்மதமோ?"

எவ்வளவு உயரம்

புதுத்தகட்டில் தாங்கி செய்து, அதை ஜீப்பின் அடிச்சட்டத்தின் இடதுபக்கம் தொங்கவிடுவதென்று முடிவாயிற்று. வலதுபக்கம் சைலன்சர் போகிறது, அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் வைக்க நான் பைத்தியமில்லை. பழைய சட்டத்தில் துளை போட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும் என்பதால், துளை போடாமல் இரும்புப் பட்டிகளால் கவ்வி, நடுவில் றப்பர் வைத்து இறுக்குவேன். இரண்டு தாங்கிக்கும் நடுவில் ஒரு வால்வு. அதைத் திருப்பினால் எஞ்சின் மற்றத் தாங்கியிலிருந்து குடிக்கும். சாதாரண ஓட்டத்துக்குப் பழைய தாங்கி, படகு இழுக்கும் நேரத்துக்கென்று நிறைத்து வைத்த புதுத் தாங்கி. இதுதான் திட்டம்.

தாங்கி மூச்சு விடுகிற சிறு குழாய் கடல்நீருக்கு மேலே இருக்கவேண்டும். அதை எங்கே முடிப்பது என்று அறிவதற்காக, கரையில் அலை எவ்வளவு உயரத்துக்கு வரும் என்று அளவு நாடாவோடு அவரிடம் கேட்டேன். அவர் நாடாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எந்த அலையைக் கேக்கிறீர் தம்பி?"

களவு

வேலை முடிந்து அவர் ஜீப்பைக் கொண்டுபோய் நான்காம் நாள் தொலைபேசி. ஜீப் திரும்பவும் மணலில் நின்றுவிட்டதாம். நல்ல காலம், அந்த நேரம் கயிற்றில் படகு இருக்கவில்லை. ஆனால் கரை முழுவதும் பார்த்துச் சிரித்திருக்கிறது. முதல்நாள் பின்னேரம் விளிம்புமட்டும் நிரப்பிய புதுத் தாங்கி, அடுத்த நாள் மத்தியானத்துக்கிடையில் காய்ந்து கிடந்ததாம். "ஒரு காலமை ஓட்டத்திலை முழுத் தாங்கியும் வத்துமோ? ஆரோ இரவோடை இரவா இறக்கிப்போட்டாங்கள்" என்றார்.

ஒழுக்கு இருக்கலாம், வந்து பார்க்கிறேன் என்றேன். ஒழுக்கு இல்லை, மண்ணில் ஒரு சொட்டும் இல்லை, களவுதான் என்றார். வேலிக்கு அந்தப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது எனக்கு நினைவு வந்தது. யூட்டிடம் ஏதாவது கேட்டீர்களா என்றேன்.

"நான் ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லை. வேலியைப் பாத்துக் கத்தினனான், அவ்வளவுதான்."

குச்சி

மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். புதுத் தாங்கியில் உண்மையாகவே ஒன்றுமில்லை. பழைய தாங்கி முடியப்போகிறதென்று நினைத்துத்தானே வால்வைத் திருப்பினீர்கள் என்று கேட்டேன். ஓம் என்றார். சும்மா பார்ப்போமே என்று பழைய தாங்கியின் மூடியைக் கழற்றி ஒரு பூவரசங் குச்சியை விட்டேன். குச்சி தாங்கியின் கழுத்து மட்டம்வரை டீசலில் நனைந்து வந்தது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. டீசல் எஞ்சின் தனக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக உறிஞ்சும். எரித்தது போக மிச்சத்தை இன்னொரு குழாயால் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும். போகிற குழாய்க்கு வால்வு பூட்டிய நான், திரும்புகிற குழாயைப் பழைய தாங்கியிலேயே விட்டுவிட்டேன். எஞ்சின் புதிதிலிருந்து குடித்து, மிச்சமெல்லாவற்றையும் பழையதில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. களவு போன டீசல் முழுவதும் அதே ஜீப்பின் அடியில்தான் கிடந்தது. முள் வேலை செய்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் பிழை என்னுடையது, அதைத்தான் சொன்னேன். அவருடைய மனைவி றீற்றா அக்கா படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கடை ஆக்கள் கடலுக்கு வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்லாயினம், போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவினம். நீர் டீசலைப் போறன் எண்டு அனுப்பிப்போட்டீர் தம்பி."

வேலிக்கு அந்தப்பக்கம்

திரும்பு குழாய்க்கும் வால்வு பூட்டி, இரண்டையும் ஒரே பிடியில் சேர்த்துவிட்டேன். ஒன்றைத் திருப்பி மற்றதை மறக்க இனி வழியில்லை. அந்த வேலை எனக்குப் பெரிதல்ல. வேலிக்கு அந்தப்பக்கம் போவதுதான் பெரிதாக இருந்தது. அன்ரன் அண்ணை வரமாட்டேன் என்றார். பிழை செய்தவன் நான், ஆகவே படலையைத் திறந்துகொண்டு நானே போனேன்.

யூட் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. யாரும் டீசல் எடுக்கவில்லை, நான்தான் ஒரு குழாயை மறந்துவிட்டேன் என்று முழுக்கதையையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். ஒரு மெக்கானிக் தன் பிழையைத் தானாகச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நானே அன்றுதான் முதல் தடவை கேட்டேன். யூட் ஊசியை வலையில் குத்திவிட்டு, ஜீப் இனி இடையில் நிற்காதா என்று மட்டும் விசாரித்தார். நிற்காது என்றேன். என் தொழிலையே அந்த ஒரு சொல்லில் பணயம் வைத்ததுபோல் இருந்தது.

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு நான் கரைக்கு வருவன். ஜீப்போடை கயிறும் கொண்டுவரச் சொல்லும்."

ஒன்பது மணி

நானும் போய் நின்றேன், நிற்காமல் எப்படி? அன்ரன் அண்ணை எட்டு மணிக்கே ஜீப்பைப் பின்பக்கமாக அலைவரை இறக்கி, இரண்டு தாங்கிக்கும் தானே குச்சி விட்டுப் பார்த்துவிட்டார். படகு வந்தது. யூட் கயிற்றின் கொளுக்கியைப் படகில் மாட்டினார். அண்ணை வால்வைத் திருப்பினார். நான் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், சாமி கும்பிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். படகு அலையை விட்டு, ஈரமணலை விட்டு, காய்ந்த மணலுக்கு ஒரே இழுவையில் ஏறியது.

அன்ரன் அண்ணை எஞ்சினை நிறுத்தவில்லை, இறங்கவுமில்லை. கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். யூட் நடந்துவந்து ஜீப்பின் கதவில் கையை ஊன்றினார். ஒரு வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு இதுதான்.

"அண்ணை, இன்னும் நாலு முழம் மேலை ஏத்து. கடல் வெள்ளம் ஏறும்."

சரியாகச் செய்த வேலைக்கு இன்றுவரை எனக்கு யாரும் மீன் தந்ததில்லை. பிழையாகச் செய்த இந்த ஒன்றுக்குத்தான், வேலிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பொதி வந்தது.