வெளிச்சம் பட்ட பிலிம்

பிலிம் கேமரா காலம் அது. துபாய் கராமாவில் எட்டுப் பேர் இருந்த ரூமில், வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு வயிறு எரியும். பக்கத்துக் கட்டில் செல்வம், என் ஊர்க்காரன், லீவு நாளில் கேமராவோடு பஸ் ஏறிவிடுவான். எனக்கோ ஓட்டலில் டியூட்டி. திரும்பி வந்ததும், "அல் ஐன் சந்தையில ஒட்டகத்தை கிரேன்ல தூக்கி வண்டியில ஏத்துறாங்கடா" என்பான். போனில் என் மனைவியும், செல்வம் எடுத்து ஊருக்கு அனுப்பி, அவன் வீட்டில் பார்த்த படங்களைப் பற்றியே பேசுவாள்.

ஒருநாள் அவன் குளிக்கப் போனதும், கேமராவின் பின்மூடியைத் திறந்து, பிலிமில் நன்றாக வெளிச்சம் படவிட்டு மூடினேன்.

ஸ்டுடியோவிலிருந்து வெறுங்கையோடு வந்தான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"ஒட்டகம் போனா போகுதுடா. நீ ரசம் தாளிக்கிறப்ப சிரிச்சதை எடுத்து வச்சிருந்தேன். உன் படம் ஒண்ணுகூட வரலைன்னு தங்கச்சி என் வீட்டுல சொல்லி அழுதுச்சாம்."

உண்மையை நான் சொல்லவில்லை. புது ரோல் போட்டு, என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "சிரி" என்றான். முடியவில்லை.

அந்தப் படம்தான் இன்னமும் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. இதில் ஏன் இப்படி முறைக்கிறீங்க என்று மனைவி கேட்கும்போதெல்லாம், கண்ணில் வெயில் பட்டது என்று சொல்லிவிடுவேன்.