அச்சு சரியில்லாத மாத்திரை

எனக்கு எதிலும் சந்தேகம். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட லென்ஸை வைத்து அச்சைப் பார்த்துவிட்டுத்தான் மணமக்கள் பெயரைப் படிப்பேன். சிவகாசியில் இருபது வருடமாக ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன வருடம் நெஞ்சுவலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. ஒருநாளும் விடக்கூடாது என்றார்கள். மூன்றாம் மாதம் விருதுநகர் மருந்துக்கடையில் அதே மாத்திரையை வேறு கம்பெனி அட்டையில் கொடுத்தார்கள். லென்ஸை வைத்தேன். நீல எழுத்து சாய்ந்து, சிவப்புக் கோடு விலகிக் கிடந்தது.

"இது டூப்ளிகேட்" என்றேன் மனைவியிடம்.

"ஒங்களுக்கு எதுதான் ஒரிஜினல்? பொண்ணு பாக்க வந்தப்பவே லென்ஸோடதான வந்தீக" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினேன். மைத்துனன் கொடுத்த டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. பூண்டுச் சத்தும் மீன் எண்ணெயும் அடைத்த கேப்ஸ்யூல். 'இதய நோயாளிகளின் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும்' என்று போட்டிருந்தது. அதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. அந்த லேபிள் என் மெஷினில், என் கையால் ஓடியது.

மூன்றே வாரம். ஆமத்தூர் தாண்டிப் போகும்போது பஸ்ஸிலேயே சரிந்தேன். செத்தேன் என்று நினைத்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்ததும், மனைவி வீட்டிலிருந்து எடுத்து வந்த அட்டையையும் டப்பாவையும் டாக்டரம்மா என் முன்னால் வைத்தார்.

"நல்ல மாத்திரைதான். ஏன் நிறுத்துனீக?"

"அச்சு சரியில்லம்மா."

அட்டையைக் கீழே வைத்துவிட்டு டப்பாவை எடுத்தார்.

"அட்டையவா முழுங்கப் போறீக? இந்த கேப்ஸ்யூல் அடைப்பைக் கரைக்கும்னு யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். லேபிளில் முதலில் 'உடல் நலத்துக்கு' என்றுதான் இருந்தது. அச்சேறும் முன் ஆர்டர் கொடுத்த பார்ட்டி போனில் மாற்றச் சொன்னார். எங்கள் டிசைனர் டீ குடித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற நான் கலரை மட்டும் பார்த்தேன்.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று அதே லேபிளுக்கு மறு ஆர்டர் வந்திருந்தது.

"இதை வேற ஆளை ஓட்டச் சொல்லுங்க மொதலாளி."

"ஒங்க சுத்தம் வேற யாருக்கு வரும்?" என்றார்.

ஓட்டினேன். நாலு கலரில் எதுவும் ஒரு இழைகூட விலகவில்லை.