வெள்ளை படிந்த குட்டை

என் தம்பியை எல்லோரும் மீன்கொத்தி என்றுதான் கூப்பிட்டார்கள். கிணற்றில் விழுந்த மோட்டார், சாவிக்கொத்து, சில நேரம் மனிதர்கள் என்று தண்ணீருக்குள் போனதையெல்லாம் மூழ்கி எடுத்துத் தருவது அவன் தொழில். ஒல்லி உடம்பு; மூச்சு மட்டும் இரண்டு ஆள் மூச்சு. படிப்பு அவனுக்கு ஏறவில்லை. ஆனால் நான் கல்லூரியில் வேதியியல் படித்தபோது ஒரு பாடத்தை மட்டும் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டான்: கரைசல், தொங்கல், கூழ்மம்.

"உப்பு கரைஞ்ச தண்ணியில எவ்வளவு உப்பு இருந்தாலும் தரை தெரியும்க்கா. மணல் கலங்கினா, ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள தெளிஞ்சிடும். இந்த மூணாவதுதான் சனியன். டார்ச் அடிச்சா வெளிச்சமே சுவர் மாதிரி நிக்குது."

"கூழ்மத்துல துகள் ரொம்பப் பொடிசுடா, அதான் படியாது. ஆனா வெளிச்சத்தைச் சிதறடிக்கிற அளவுக்குப் பெருசு."

"படிச்சவ சொன்னா சரிதான். ஆனா நீ போடுற டீயில சர்க்கரை என்னைக்குமே கரைசல் ஆனதில்ல."

கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையில் குளிக்க இறங்கிய லாரி டிரைவர் ஒருவர் மேலே வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். அவர் மனைவி கரையில் அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முகத்தை மட்டும் காட்டிடுங்கண்ணே. இல்லன்னா ஆயுசுக்கும் வாசலையே பாத்துட்டு இருப்பேன்."

தண்ணீர் பால் போலிருந்தது. ஒரு கண்ணாடிக் குடுவையில் மொண்டு வைத்தேன். மணல் அடியில் இறங்கியது, வெள்ளை அசையவில்லை. டார்ச் ஒளி அதற்குள் கம்பி போல நின்றது. தம்பி அதைப் பார்த்துவிட்டும் குதித்தான். உடனே மேலே வந்தான்.

"கை ஒண்ணு கிடைச்சுது. பிடிச்சேன். அதுவும் பிடிச்சுதுக்கா."

"பயத்துல அப்படித் தோணும்டா."

"பயமா? எனக்கா?" என்று சிரித்தான். உதடு மட்டும்தான் சிரித்தது. "தரை தெரியாம இனி இறங்க மாட்டேன்."

படிகாரம் போடலாம் என்று சொன்னது நான்தான். களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் மிதக்கின்றன. படிகாரம் அந்த விலகலை முறித்தால் திரண்டு கீழே இறங்கிவிடும். மூட்டை மூட்டையாகக் கரைத்து ஊற்றினோம்.

மறுநாள் காலை தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அதில் மிதந்த வெள்ளையெல்லாம் தரையில் போர்வை போலப் படிந்திருந்தது. போர்வைக்கு அடியில் ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் தெரிந்தன. பக்கத்தில், அவரைப் பார்த்துத் திரும்பினாற்போல, இன்னொன்று. சிறியது.

"அவர் கூட யாராவது வந்தாங்களா?" என்று தம்பி கேட்டான். டிரைவரின் மனைவி இல்லையென்று தலையாட்டினாள்.

அவன் இறங்கித் தொட்டதும் வெள்ளை புகையாக எழுந்து எல்லாவற்றையும் மூடியது. டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கணவன் முகத்தைத் துடைத்தாள், பிறகுதான் அழுதாள். தம்பி அந்த மனிதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மண்வெட்டி போன்ற அகன்ற கை.

"நான் பிடிச்ச கை இது இல்லக்கா. அது சின்னது."

"விடுடா, வேற யாரையும் யாரும் தேடலையே. தெளியட்டும், நாளைக்குப் பாக்கலாம்."

"யாரும் தேடலன்னா அங்கேயே கிடக்கணுமா?"

குதித்துவிட்டான். கரையில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மூச்சு தீர்ந்தது. மறுபடி பிடித்தேன். அதுவும் தீர்ந்தது.

இன்ஜின் வைத்துக் குட்டையை இறைத்தார்கள். தம்பி மட்டும்தான் இருந்தான். நான் பார்த்த அந்தச் சின்ன உருவம் ஏதோ கல்மேடு என்றார்கள். அறுத்தெடுத்த பாறைத்தரை அது, மேடே இல்லை. படிவு தானாக உருவம் எடுக்காது. எதன்மேல் விழுகிறதோ, அதன் உருவத்தைத்தான் எடுக்கும்.

அவனை நானே கழுவினேன். தலைமுடி, காது, நகக்கண் என்று உடம்பெங்கும் வெள்ளை அப்பியிருந்தது. வலது உள்ளங்கைக்கு வந்தபோது ஈரத்துணியோடு நின்றுவிட்டேன். அதில் ஒரு சின்னக் கை அளவுக்கு மட்டும், துடைக்க ஒரு துகள்கூட இல்லை.