தெருவைப் பார்த்த சுவர்

திருநகரில் வீடு கட்டியபோது சுவருக்குப் பூச்சு வேண்டாம் என்று முடிவெடுத்தவள் நான்தான். காளவாசல் பக்கம் இடித்த ஒரு பழைய கட்டடத்தின் செங்கல்லை வாங்கி, உடையாததாகப் பொறுக்கி, கல்லைப் படுக்கவைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டச் சொன்னேன். கல் குறையும், சிமெண்டு குறையும், உள்ளே வெயில் இறங்காது. கொத்தனார் முதலில் முனகினார். முன்சுவரில் ஒரு கல் உள்ளே, ஒரு கல் வெளியே என்று கட்டி முடித்து, சாயங்கால வெயிலில் அதன் நிழலைப் பார்த்த பிறகு அவரே செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அத்தனையும் அம்மாவுக்காக. எழுமலையில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு அவரை அப்படி விட்டுவைக்க எனக்குப் பயமாக இருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சியதும் என்னோடு வந்துவிடுவதாகப் பேச்சு.

பால் காய்ச்சிய அன்று ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தம் வந்தது. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூச்சு வேலதான் பாக்கி. அடுத்த மாசம் பூசிருவா. நாள் நல்லாருக்குன்னு பாலக் காய்ச்சிட்டோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லாரும் போனபின் பிடித்துக்கொண்டேன்.

"பூசவே போறதில்லம்மா. இதுதான் வீடு. எதுக்கு வாரவுக போறவுககிட்டயெல்லாம் பொய் சொல்ற?"

"அப்ப நான் இங்க இருக்க மாட்டேன். ஊருக்கே போறேன்."

"ஒரு செவுத்துக்காகவா?"

"ஆமாடி, செவுத்துக்காகத்தான்."

மறுநாள் காலையில் கார் பிடித்துப் போயும் விட்டார். ஒரு மாதம் நானும் பிடிவாதமாக இருந்தேன். படித்த திமிர், வேறென்ன. பிறகு அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, போனில் பிடிபிடியென்று பிடித்தார்.

"ஒங்கப்பன் ஊர்ல வீடு கட்டி, மேல கான்கிரீட் போட்ட கையோட செத்துப்போனான். அந்த வீட்ட அவளால கடைசிவரைக்கும் பூச முடியல. பூசாத வீட்டுக்காரின்னுதான் ஊருக்குள்ள அவளுக்குப் பேரு. ஒனக்குத் தெரியாதாடி?"

தெரியாது. அப்பா போனபோது எனக்கு ஐந்து வயது. அந்தச் சுவரில் கல்லுக்கு ஒரு எழுத்தாகச் சாக்பீசால் எழுதித்தான் அ, ஆ படித்தேன். எனக்கு அது சந்தோஷமான சுவர். என் கல்லூரிப் படிப்புக்காக அந்த வீட்டை விற்றபோது அழுதவள் நான். அம்மா அழவில்லை. ஏன் என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

"இம்புட்டு அழகாக் கட்டுனதப் போய் மூடச் சொல்றீங்களே டீச்சர்!"

"தெருவப் பாத்த செவுரு மட்டும் பூசுங்கண்ணே."

வேலை நடந்த மூன்று நாளும் பள்ளிக்கூடத்திலிருந்து வேண்டுமென்றே தாமதமாக வந்தேன்.

அம்மா வந்தார். வெள்ளையடித்த முன்சுவரை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கு எந்த ரூம்பு?" என்று மட்டும் கேட்டார். அவருடைய அறையில் நாலு பக்கமும் வெறும் செங்கல்தான். கட்டிலில் படுத்து, பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நல்ல கோடை மத்தியானம்.

"குளுகுளுன்னு இருக்குடி."

"இதப் பூசலயேம்மா. பரவால்லயா?"

"உள்ள இருக்கையில எனக்கென்ன? அந்த வீட்லயும் உள்ள நல்லாத்தான் இருந்துச்சு. கதவத் தொறந்து வெளிய கால வைக்கையிலதான் செத்துப்போயிரலாமான்னு இருக்கும்."

என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காகத் தினமும் அந்தக் கதவைத் திறந்தவர் அவர்தான்.